வலது காதில் மலை

திருவண்ணாமலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சிந்துஜாவுக்கு,

அருணாதேவி எழுதுவது. இங்கே நானும் பள்ளியும் பிள்ளைகளும் நலம். உன் நலத்தை விசாரித்து விசாரித்து அலுத்துவிட்டேன், நீ போனையே எடுப்பதில்லை. கடிதமென்றால் உனக்கு யாராவது படித்துக்காட்டித்தானே ஆகவேண்டும், தப்பிக்க முடியாது. படித்துக்காட்டும் சைலஜா அண்ணி, உங்களுக்கு வணக்கம். நடுவில் இவள் போதும் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள்.

பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று நீ என்னிடம் பேசியது இன்னும் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. படத்தைப் போட்டுப் பாடம் நடத்துனவளுக்குப் படமே தெரியலன்னா வகுப்புல இன்னா வேலைன்னு கேட்டாய். இந்த மாதக் கடைசியில் ராஜினாமா எழுதி அனுப்பப் போவதாகவும் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் உன் அண்ணன் உன்னைப் புனேயில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார். அந்தப் பதில்தான் இப்போது பார்சலாக வருகிறது.

உன் ஏழாம் வகுப்பை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீ ஒரு வேலை கொடுத்திருந்தாய், நினைவிருக்கிறதா? அவரவர் வீட்டு வாசலில் நின்று மலையைப் போனில் படம் எடுத்துவர வேண்டும். எடுத்துவந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, உன் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகச் சுவரில் விட்டேன். அடி அண்ணாமலைப் பிள்ளைகளின் மலை ஒரு மாதிரி, செங்கம் ரோட்டுப் பிள்ளைகளின் மலை வேறு மாதிரி. ஒன்றில் மேகம் படுத்திருக்கிறது, ஒன்றில் உச்சி மட்டும் மிதக்கிறது. விமல்ராஜின் படத்தில் பாதி மலையை அவர்கள் வீட்டு எருமை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரே மலைதான் இத்தனையும் என்று நம்பவே முடியவில்லை.

அப்போதுதான் கவிநிலா எழுந்து, சிந்துஜா டீச்சருக்கு இதெல்லாம் எப்படிக் காட்டறதுன்னு கேட்டாள். நீங்களே சொல்லிக் காட்டுங்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருத்தி மலை நீலம் என்றாள். இன்னொருத்தி சாம்பல் என்றாள். அதற்கே சண்டை. எழுந்து சுவரருகே போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து திருத்திச் சொன்னார்கள். நன்றாகப் பார் நன்றாகப் பார் என்று நாம் இரண்டு பேரும் எத்தனை வருஷம் கத்தியிருப்போம்! பார்க்க முடியாத ஒருத்திக்குச் சொல்ல வேண்டிவந்த பிறகுதான் இதுகள் பார்க்கின்றன.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் நீ பாட்காஸ்ட் போட்டுக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வாயே, அதுபோல் நாமும் ஒன்று செய்வோம் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கிரிவலம் போகிறபடியே பதிவு செய்து உனக்கு அனுப்ப வேண்டுமாம். விமல்ராஜின் அக்கா தோளில் குத்திக்கொள்ளும் குட்டி மைக் இரண்டு கொடுத்தாள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இரண்டையும் குத்திக்கொண்டு, பிள்ளைகளோடும் துணைக்கு வந்த அம்மாமார்களோடும் மலையைச் சுற்றிவந்தேன்.

மறுநாள் ஹெட்போனில் கேட்ட கவிநிலா முகம் வெளுத்துப்போனாள். டீச்சர், நீங்க இடமா சுத்திட்டீங்கன்னு சொன்னாள். மைக்கை நான் தோள்மாற்றிக் குத்தியிருக்கிறேன். வலப்பக்கம் இருக்க வேண்டிய மலை இடப்பக்கம் போய்விட்டது! கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாறிவிடும் என்று நீ சிரிப்பாய். நானும் அதைத்தான் சொன்னேன். பிள்ளைகள் ஒப்பவில்லை. தப்பா சுத்துனதைத் திருப்பிப் போட்டா சரியாயிடுமா, சாமிக்குத் தெரியாதான்னு கேட்டார்கள். இன்று விடியற்காலையில் மறுபடியும் நடந்தோம். என் கால் இப்போது என்னுடையதாகவே இல்லை.

அந்தப் பதிவும் ஹெட்போனும் பார்சலில் இருக்கின்றன. வலது காதுப் பக்கத்தில் நூல் சுற்றியிருக்கிறோம், தடவிப் பார்த்துப் போட்டுக்கொள். இடது காதில் எல்லாம் வரும். பஸ், இளநீர்க்காரர், பால்கேன், அடி அண்ணாமலையில் எதையோ பார்த்து ஓயாமல் குரைக்கிற நாய், மலை இப்போது எப்படி இருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லும் உன் பிள்ளைகள். வலப்பக்கம் சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று யாரும் அங்கே போகவில்லை. அதனால் வலது காதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் காற்று, எப்போதாவது ஒரு மயில். மற்றபடி ஒரு பெரிய அமைதி கூடவே வரும். அதுதான் மலை. கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போய், தூக்கத்திலும் நடந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சுற்றில் கடைசியாக வரும் ஈசான்ய லிங்கத்தோடு பதிவு நின்றுவிடும். மெஷின் கோளாறு என்று நினைக்காதே. அங்கே வந்ததும் பிள்ளைகள் என்னை நிறுத்திவிட்டார்கள். கோயில் இதோ இருக்கிறது, பாதியில் விடக்கூடாது என்றேன். மீதி சிந்துஜா டீச்சர் நடக்கற தூரம்னு சொல்லிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிரிவலம் முடித்தாயா என்று நாளைக்கு ஊரில் யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அண்ணாமலையார் உன்னைக் காப்பாற்றட்டும். ராஜினாமா எழுதாதே, சிந்து. வா. இடது கையை நான் பிடித்துக்கொள்கிறேன். வலப்பக்கத்தை மலைக்கு விட்டுவிடலாம்.

ஈசான்ய லிங்கத்தில் நிற்கும்,
அருணா