உதைக்காத தோட்டாக்கள்

செவன் ஹில்ஸ்
19 ஜனவரி 2025, ஞாயிறு

ராகவியின் அப்பாவுக்கு,

பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தாள். பாதி வழியில், அல்பரியில் வைத்து அவளைக் கையளிக்கும்போது நீங்கள் தந்த இடியப்பப் பார்சலைக் காருக்குள்ளேயே முடித்துவிட்டாள். அதற்கு நன்றி.

நேற்று தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சட்டைக் கழுத்து விலகியது. வலது தோளில் உள்ளங்கை அளவுக்குக் கன்றி நீலம் பாரித்திருக்கிறது. கேட்டால், "ஒண்டுமில்லையம்மா, விழுந்திட்டன்" என்கிறாள். விழுகிற பிள்ளைக்கு முழங்காலிலோ முழங்கையிலோ தானே அடிபடும்?

பதினைந்து வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். நீங்கள் கை நீட்டுகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். மறைக்கிறவர் என்றும் தெரியும். வேலை போனதைச் சொல்லாமல் ஐந்து மாதம் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, வெரிபீ ஸ்டேஷன் வாங்கிலில் பகல் முழுக்க இருந்துவிட்டு வந்த மனிசன் நீங்கள். அதைக்கூட அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் நான் அறிந்தேன். இப்போது பிள்ளையையும் அதே வழியில் பழக்கிவிட்டீர்களா?

உண்மையை எழுதுங்கள். போன் வேண்டாம். உங்கள் நம்பரை மறித்து வைத்தது மறித்ததுதான். மின்னஞ்சலையும் ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் திறப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்து வேலையோடு ஒவ்வொரு நாளும் உங்களையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

சிவாஜினி

*

வெரிபீ
24 ஜனவரி 2025

அன்புள்ள சிவாஜினிக்கு,

அவள் விழவில்லை. துவக்கு உதைத்தது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு நாள் சென்றது. எப்படியும் ஞாயிறுதான் வாசிப்பீர் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். போன வருடம் இங்கே ஒரு குறிசூட்டுக் கிளப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் கடதாசி வட்டத்துக்குச் சுடுவோம், வேறொன்றுமில்லை. டிசம்பரில் ராகவியும் கூட வந்தாள், தானும் சுடப்போவதாக நின்றாள். சிறுவர் அனுமதி, பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முறைப்படி எடுத்தோம். உம்மிடம் கேட்பதை மட்டும் செய்யவில்லை.

நீர் என்ன கேட்பீர் என்று இங்கிருந்தே எனக்குக் கேட்கிறது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து இருவரும் பதுங்குகுழியில் கிடந்தோமோ, அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுத்தீர்களா என்று கேட்பீர். ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்னெல்லாம் இங்கே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு எப்போது திரும்பிப் போகலாம் என்று நாளை எண்ணுவாள். இப்போது, "அடுத்த சனியும் போவமா அப்பா?" என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்காக நான் எதையும் செய்வேன், சிவாஜினி.

முப்பத்தாறு கிலோப் பிள்ளைக்குப் பெரிய ஆட்களின் தோட்டா உதைக்கத்தான் செய்யும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கமுதலே கண்ணை மூடிவிடுகிறாள். அதனால் அவளுக்கென்று நானே தோட்டா செய்யப் பழகுகிறேன். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோதைத் துப்புரவாக்கி, வழக்கமானதிலும் குறைந்த வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, அதன் வாயில் பாரம் குறைந்த ரவையை, அதாவது ஈயக் குண்டை, பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் யாரோ தோளில் தட்டிக் கூப்பிட்ட மாதிரித்தான் இருக்கும். கிளப்பில் மூத்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார்.

ஏப்ரல் விடுமுறைக்கு அவளை அனுப்பாமல் விட்டுவிடாதேயும். கும்பிட்டுக் கேட்கிறேன்.

அருந்தவன்

*

செவன் ஹில்ஸ்
30 மார்ச் 2025, ஞாயிறு

ராகவியின் அப்பாவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

போன கிழமை ராகவி ஒரு கடதாசியைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தாள். நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிவரத் துளைகள். "இந்த ஒண்டுக்கு மட்டும் நான் கண்ணை மூடேல்லை அம்மா" என்று ஒரு துளையைத் தொட்டுக் காட்டினாள். அதுதான் வட்டத்துக்குக் கிட்ட இருந்தது. இந்தப் பிள்ளை எதையாவது என்னிடம் கொண்டுவந்து காட்டி எவ்வளவு காலம்!

பயம் தீரவில்லை. என்றாலும் ஏப்ரலில் அனுப்புகிறேன். அவளின் தோளில் ஒரு நீலமும் இருக்கக்கூடாது. மற்றது, என்ன சின்னப் பிழை நடந்தாலும் நான் கண்டுபிடிக்கமுதல் நீங்களாகச் சொல்ல வேண்டும். பிறகு நான் வேறு யார் வாயிலாலும் அறிந்தேன் என்றால், அல்பரிப் பயணம் அதோடு சரி. உங்களை நம்பிப் பார்க்கிறேன்.

சிவாஜினி

*

வெரிபீ
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சிவாஜினிக்கு,

தோளைப் பார்த்திருப்பீர். ஒரு கீறல் இல்லை.

நீர் அனுப்புவீரோ மாட்டீரோ என்று தெரியாமலே ஐம்பது தோட்டா செய்யத் தொடங்கியிருந்தேன். முப்பது சுட்டாள். முப்பதுக்கும் கண் திறந்திருந்தது. நான் பின்னால் நின்று முதுகில் கை வைத்திருந்தேன், மூச்சை விட்டுவிட்டு விசையை இழுக்கிறாள் என்று கைக்கே தெரிந்தது. முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளின் ஐந்து வயதுச் சிரிப்பு.

அவளின் சிநேகிதி ஸ்ருதியின் அப்பா, லிட்கம்மில் இருக்கிற மகேந்திரராஜா, மே 18ஆம் திகதி இரண்டு பிள்ளைகளையும் சிட்னிக் கிளப்பின் சிறுவர் நாளுக்குக் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறாராம். நீர் மறிக்காதேயும். அங்கே தருகிற தோட்டா உதைக்கும் என்றுதான் அவளுக்குக் கொஞ்சம் யோசனை. சமாளிப்பாள்.

நம்பியதற்கு நன்றி. அதற்குமேல் எழுதினால் அழுகை வரும்.

அருந்தவன்

*

வெரிபீ
17 மே 2025, சனி, பின்னேரம் 3.50

சிவாஜினி,

இன்றைக்கு மட்டும் ஞாயிறு வரை பார்த்திராமல் இதைத் திறவும். ராகவியின் பைக்குள், பென்சில் டப்பாவுக்குள், எங்கே இருந்தாலும் நான் செய்த பத்துத் தோட்டாக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றையும் அவள் சுடக்கூடாது. துவக்கு வெடித்து முகத்தில் அடிக்கும்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மார்ச் 30 பின்னேரம் கராஜில் ஐம்பது கோதையும் பலகையில் அடுக்கி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் போன் சிணுங்கியது. உம்முடைய கடிதம். "உங்களை நம்பிப் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தீர். கையிலிருந்த கோதைப் பலகையில் வைத்துவிட்டு அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு வந்து வேலையைத் தொடர்ந்தேன். அந்தக் கோதுக்குள் ஏற்கெனவே மருந்து போட்டேனா என்று யோசிக்கவே இல்லை.

பெரிய ஆட்களின் தோட்டா என்றால் இரண்டாம் தரம் போட்டதும் மருந்து நிரம்பி வெளியே கொட்டும், பிழை உடனே தெரியும். பிள்ளைகளின் தோட்டாவில் பாதிகூட நிரம்பாது. இரட்டை மருந்தும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் ரவையைப் பொருத்தமுதல் ஐம்பதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. அன்றைக்கு, நீர் அனுப்புகிறீர் என்ற சந்தோசத்தில், பார்க்கவில்லை.

இன்றைக்கு அடுத்த தொகுதி செய்ய மருந்தை நிறுத்தேன். கணக்குப் புத்தகத்தில் நான் எழுதியதற்கும் போத்தலில் இருப்பதற்கும் சரியாக ஒரு தோட்டாவின் மருந்து குறைகிறது. உடனே மிச்சத் தோட்டாக்களைப் பிரிக்கப் போனேன். அலுமாரியில் இருபது இருக்க வேண்டும், பத்துத்தான் இருந்தது. மற்றப் பத்தின் இடத்தில் ஒரு துண்டு: "சிட்னிக்குப் பத்து எடுத்திட்டன், கோவிக்காதேங்கோ அப்பா." காரில் சாமான் ஏற்றும்போது அலுமாரியைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். அதுவும் என் பிழை. இங்கிருந்த பத்தையும் பிரித்து நிறுத்தேன். பத்தும் சரி. அப்படியென்றால் பிழையானது அவளிடம் இருக்கிறது.

அவளின் போன் அணைந்திருக்கிறது. என் நம்பரை நீர் மறித்திருக்கிறீர், அடுத்த வீட்டுப் போனால் எடுத்தும் நீர் எடுக்கவில்லை. அந்தக் கிளப்பில் மெஷின்தான் பேசுகிறது. மகேந்திரராஜாவின் நம்பர் என்னிடம் இல்லை. நாளைக்கு ஒன்பது மணிக்குச் சுடத் தொடங்குவார்கள்.

தயவுசெய்து திறவும்.

அருந்தவன்

*

வெரிபீ
17 மே, பின்னேரம் 6.15

சிவாஜினி,

இன்னும் திறக்கவில்லைப் போல. இதோடு ஏழு கடிதம் அனுப்பிவிட்டேன்.

பொலிசுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். உம்முடைய வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். கதவைத் தட்டினால் பயப்படாதேயும். சீருடையைக் கண்டால் உமக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன், மன்னியும். நான் காரை எடுத்துக்கொண்டு வரப் பார்த்தேன். இங்கேயும் பொலிஸ் ஆட்கள் வருகிறார்கள், துவக்கையும் மருந்தையும் எடுக்க, வீட்டை விட்டு அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் லைசன்ஸ் போகும். போகட்டும். இதை வாசித்த பிறகு நீர் பிள்ளையை அனுப்பமாட்டீர் என்பதும் தெரியும். ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காமலும் போகலாம் என்று ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், நினைத்தேன். அந்த நிமிசத்தையும் உம்மிடம் சொல்லிவிடுகிறேன்.

முப்பது தோட்டா அவள் சுட்டபோது நான் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன் என்று எழுதினேனே. அந்த முப்பதில் அது இருந்திருந்தால்? கையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கடவுளே, யாராவது கதவைத் திறவுங்கள்.

அருந்தவன்

*

செவன் ஹில்ஸ்
18 மே 2025, ஞாயிறு

ராகவியின் அப்பாவுக்கு,

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று ராகவி ஸ்ருதி வீட்டில் தங்கினாள், நான் போனை அணைத்துவிட்டு இரவு வேலையில் நின்றேன். வீட்டில் ஒருவரும் இல்லாததால் பொலிஸ் தட்டிவிட்டுப் போய், காலையில் திரும்ப வந்திருக்கிறார்கள். ஏழரைக்கு நான் பஸ்ஸால் இறங்கி நடந்து வருகிறேன், வாசலில் பொலிஸ் கார். கைப்பையைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் சொன்னது பாதி விளங்கவில்லை. உங்கள் கடிதங்களை அந்தக் காருக்குள் இருந்துதான் திறந்தேன்.

மகேந்திரராஜா அண்ணை பிள்ளைகளோடு வெளிக்கிட்டுவிட்டார், போனையும் எடுக்கவில்லை. நேரே கிளப்புக்குப் போனோம். ராகவி சுடுவதற்குத் துவக்கோடு பாயில் குப்புறப் படுத்துவிட்டாள். காதுக்கு மூடி போட்டிருந்ததால் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு பொலிஸ்காரப் பிள்ளை ஓடிப்போய்த் தோளில் தட்டினாள். பென்சில் டப்பாவை வாங்கி, கிளப்புக்காரர் ஒருவர் பத்தையும் எனக்கு முன்னால் பிரித்து நிறுத்தார்.

நாலாவதில் இரட்டை மருந்து இருந்தது.

ராகவிக்குச் சொன்னோம். வெள்ளையாய்ப் போனாள். பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இஸ் அப்பா ஓகே?"

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டோர்ச் அடிக்காத கையை மன்னிக்க எனக்குக் காலம் வேண்டும். இனி இந்தப் பிள்ளை துவக்குத் தொடாது. ஜூலையில் அல்பரிக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். உங்களோடு அனுப்புவேனா, பக்கத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கூட்டி வருவேனா என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் பதினைந்து வருடத்தில் உங்கள் பிழை ஒன்றை, நான் கேட்காமலே, உங்கள் வாயால் நான் அறிந்தது இதுதான் முதல் தரம். அந்த ஒரு நிமிசத்தைக்கூட எழுதியிருந்தீர்கள். நானோ, கடிதம் திறக்க நாள் குறித்து வைத்திருந்தேன். என் சட்டத்தால் என் பிள்ளையை இழக்கப் பார்த்தேன். இது என் பிழை. நீங்கள் கண்டுபிடிக்கமுதல் நான் சொல்கிறேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். பிள்ளை பக்கத்தில்தான் நிற்கிறாள். இதை அனுப்பிவிட்டு உடனே போன் அடிக்கிறேன்.

எடுங்கோ.

சிவாஜினி