மறப்பதிலும் நீதான் ஜெயித்தாய்

மாப்ளே,

இன்று காலை என் டயர் கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் புது லாரிக்குப் பூசை போட்டார்கள். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை என் கடை வரைக்கும் வந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "எலுமிச்சை, சாவி, செருப்பு" என்று வாய் தானாகச் சொன்னது. எதிரே நின்ற டிரைவர், "பூசைச் சாமானுங்களா?" என்றார். "இல்லீங்க, பரீட்சை" என்றேன்.

என் மகள், அப்பனின் கூட்டாளியான உனக்கு வைத்த பரீட்சை. மூன்று பொருளைச் சொல்லிவிட்டு, வேறு கதை பேசி, கடைசியில் அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பாள். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட எனக்கு, மூளையை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் பிறந்துவிட்டாள். "மறதியெல்லாம் ஒண்ணு இல்லீங்கப்பா. சிலருக்கு மூளை தேயுது. சிலருக்கு உள்ள கிருமி பூந்துக்கிட்டு மறதி மாதிரி வேசம் போடுது. கிருமின்னா மருந்து குடுத்துப் பாக்கலாம். அதைத்தான் பிரிச்சுப் பாக்கறோம்" என்பாள்.

வடக்கே போர்க் குழி தோண்டும் ரிக் வண்டியோடு போன இடத்தில் நீ காய்ச்சலில் கிடந்து திரும்பினாய். பிறகு ஒரு நாள் திருச்செங்கோட்டு ரோட்டில் நின்று, உன் வீட்டுக்கே வழி கேட்டாய். காய்ச்சலைக் கேட்டதும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, கிருமியாக இருக்கும் என்று. ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். யாரைப் பார்க்க? உன்னை. உன்னோடு அரைப்பொழுது. அடுத்த தெருவில் காபியோடு காத்திருக்கும் பெத்த அப்பனிடம், "மாத்திரை போட்டீங்களா?" என்று ஒரு கேள்வி. அதோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். எனக்கு வயிறு எரிந்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். அடங்கவில்லை.

அதனால் நானும் மறக்க ஆரம்பித்தேன். உனக்குத் தெரியுமே, நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். "எனக்கும் ஒண்ணும் ஞாபகம் நிக்கறதில்ல சாமி" என்றேன். அவள் உடனே உன்னிடம் பேசுகிற அந்த மெல்லிய குரலுக்கு மாறினாள். எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

"இது எந்த ஊருங்கப்பா?"

"மதுரைங்களா?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

நான் கூரையைப் பார்த்தேன். நீ என்னவோ நான் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, விலாவில் இடித்துக் கிசுகிசுத்தாய்: "புதன்டா மாப்ள, புதன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. நீ பார்த்த பார்வைக்காக, "புதன்" என்றேன். பையனைப் பாஸ் பண்ண வைத்தவன் போல நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

அவள் பேனாவை மூடினாள். "ஏனுங்கப்பா, நெசமா மறக்கறவங்க மறைக்கத்தான் பாப்பாங்க. மாமாவைப் பாருங்க, தெரியாட்டியும் சிரிச்சே சமாளிக்கறாரு. நீங்க கடை விரிக்கறீங்க."

எதற்கென்று தெரியாமலே நீதான் பெரிதாகச் சிரித்தாய்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் எழுந்து நடக்கவே முடியாது என்று ஊரே உன்னைப் பயமுறுத்தியது. "பாப்பா சொன்னா சரிதான்" என்று ஒருக்களித்துப் படுத்துவிட்டாய். டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்று நான் சொல்லி என்றைக்காவது கேட்டிருக்கிறாயா நீ?

முடிவு வந்த அன்று அவள் நேரே கடைக்கு வந்தாள். பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். "கிருமி இல்லீங்கப்பா. இருந்திருக்கக் கூடாதா?" என்று அழுதாள். கிருமி இல்லை என்று அழுகிறவளை அன்றுதான் பார்த்தேன். நானும் அந்தக் கிருமிக்காக வேண்டாத சாமியில்லை. ஆனாலும் புத்தி போகுமா? 'எனக்காக இப்படி அழுவாளா?' என்று ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது.

மருந்தில்லை என்று தெரிந்த பிறகும் அவள் ஞாயிறு தவறவில்லை. கடைசியில் நீ என்னையும் மறந்தாய். ஆயுசு பூராவும் வாடா போடா என்றவன், "உட்காருங்க" என்று எனக்கு மரியாதை கொடுத்தாய். அதைவிட நீ செருப்பால் அடித்திருக்கலாம். அவள் வாசலில் நுழைந்தால் மட்டும், "வா சாமி!" என்று முகமெல்லாம் மலர்ந்தாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, இப்போதெல்லாம் அவள் சாயங்காலம் போன் செய்கிறாள். மறதி முதன்முதலில் எப்படித் தலைகாட்டும் என்பதுதான் இப்போது அவள் தேடுவது. மாமா எப்போது முதலில் பேர் மாற்றிச் சொன்னார், அதற்கு முன் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் குரலிலேயே பேசிக் காட்டுகிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நேற்று, "நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?" என்றேன். "இத்தனையும் ஞாபகம் வெச்சிருக்கற ஆளுக்கு என்னங்கப்பா கொறச்சல்? மாமா கதைக்கு வாங்க" என்றாள்.

வருகிறேன். ஆனால் உன் கதை முழுவதும் தீர்ந்துவிட்டால் அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கும் என்று பயமாக இருக்கிறது மாப்ளே. அதனால் தினம் கொஞ்சமாகத்தான் உன்னைச் சொல்கிறேன்.