ஒரே நாற்காலியில் இருவர்

அன்புத் தம்பிக்கு,

மூன்று வருஷமாகப் பேசாதவன் எழுதுகிறானே என்று கிழித்துப் போட்டுவிடாதே. உலக அதிசயம் நடந்திருக்கிறது!

உன் மகள் கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த மடக்குக் கேமரா ஞாபகம் இருக்கிறதா? சட்டைப்பையில் அடங்கும்; திறந்தால் ஆர்மோனியத் துருத்தி போல நீளும். உலகத்திலேயே அதுபோல் மூன்றுதான் உண்டு, இரண்டு என்னிடம். (உன் அண்ணி வேறு மாதிரி சொல்வாள், நம்பாதே.)

“அப்பா, பெரியப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்களேன்” என்று உன் மகள் கெஞ்சியும் நாம் முறைத்துக்கொண்டோம். உன்னை நாற்காலியில் தனியாக உட்காரவைத்து நான் எடுத்தேன். அதே நாற்காலியில் என்னை அவள் எடுத்தாள்.

நேற்று ஃபிலிம் கழுவுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னங்க, குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்தாம, ஒரு படத்து மேலயே இன்னொண்ணு எடுத்துட்டீங்களே! மறந்துட்டீங்களா?”

“நானாவது மறக்கிறதாவது! வேணும்னேதான் செஞ்சேன்” என்றேன்.

உன் வழுக்கையில் என் முடி. என் மீசைக்குள் உன் உதடு. சின்ன வயசில் போல என் மடியில் உட்கார்ந்திருக்கிறாய்! உன் அண்ணி பார்த்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை, கழுவுகிற மருந்து கண்ணில் பட்டுவிட்டது.

புது ஃபிலிம் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. நாற்காலி இரண்டு போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேண்டுமென்றே திருகாத
உன் அண்ணன்