நிருஷா, நாற்பத்திரண்டு முழம்

குருக்கள்மடம்
13.09.2009, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமென்று போன வாரம் போனில் சொன்னதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்கு நம் ஊர்ப் பொடியன் பீற்றிஸ் அங்கே டோகாவுக்குப் பயணம். கடிதம் அவன் கையில் வரும். வாசித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டாம்.

தம்பி மூர்த்தியை வியாழக்கிழமை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுனாமியில் முறிந்த நம் கோயில் கொடிமரத்துக்குப் புது மரம் தேடி, படுவான்கரைக் காட்டுக்குள் பத்து நாளாக அலைந்தான். சண்டைதான் முடிந்துவிட்டதே என்று நான்தான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். கூடப்போன லொறிக்கார மஜீட் நானா தனியாக வந்து, "தங்கச்சி, மரத்துக்கு மேல நிக்கக்குள்ள புடிச்சிட்டாங்க" என்றார்.

முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றோடு உச்சிக்கு ஏறி, அதைக் கீழே விட்டு அளப்பது அவன் முறை. மேலே நின்று எதைப் பார்த்தாய் என்று முதலில் கேட்டார்களாம். கோயில் கடிதத்தைக் காட்டியதும் அது தீர்ந்தது. பிறகு அவன் மர அளவு எழுதும் கொப்பியைப் பிரித்தார்கள். அங்கேதான் வினை.

அந்தக் கிறுக்கன் மரங்களுக்கு இலக்கம் போடவில்லை அத்தான். கடல் கொண்டுபோன நம் சனத்தின் பேரைப் போட்டிருக்கிறான். 'ஆச்சிப்பிள்ளை, முப்பது முழம், மேலே கூனல்.' 'யாக்கோப்பு, முப்பத்தாறு, உள்ளே பொந்து.' கூனல் என்றதற்கு ஆச்சிப்பிள்ளை மாமி இருந்தால் விளக்குமாறு எடுத்திருப்பார். இவர்களெல்லாம் யார், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

மற்ற வீட்டுக்காரர்கள் மரணச் சான்றிதழ்களைக் காட்டித் தங்கள் பேர்களைத் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றுதான். 'நிருஷா, நாற்பத்திரண்டு முழம், நேர். வெட்டக் கூடாது.' அவன் கண்டதிலேயே உயர்ந்த மரம் அதுதானாம். கொடிமரத்துக்கு வாய்ப்பான மரத்தை ஏன் வெட்டக் கூடாது, யாரைக் காப்பாற்றுகிறாய் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார்களாம்.

நேற்று நான் போனேன். நிருஷா என் மகள் என்றேன். வயதைக் கேட்டார்கள். ஒன்பது என்று சொல்லிவிட்டேன். நாலு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அப்படியென்றால் பிள்ளை எங்கே என்று உடனே கேட்டார்கள். கடல் கொண்டுபோய்விட்டது என்று பிறகுதான் சொன்னேன். என்னால்தான் சந்தேகம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வராவிட்டால் தம்பியைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனால் அவனை எப்போது காண்போமோ தெரியாது.

களுவாஞ்சிக்குடிப் பதிவுக் கந்தோரில் பிரதி கேட்டேன். பதிவு இலக்கம் வேண்டுமாம். அது உங்களிடம் இருக்கும் நம் பிள்ளையின் மரணச் சான்றிதழ்க் கடதாசியில்தான் இருக்கிறது. உடலைக் காணாமல் என்ன பதிவு என்று அன்று உங்களோடு சண்டை பிடித்தவளும் நான்தான், அது இந்த வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்று உங்கள் பயணப் பெட்டிக்குள் எறிந்தவளும் நான்தான். அதைக் கேட்க இரண்டு தடவை போன் எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கடிதம் கண்ட கையோடு களுவாஞ்சிக்குடித் தொலைபேசிக் கடைக்கு அதன் நகலைப் பெக்ஸில் அனுப்புங்கள். கடையின் இலக்கம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மூலத்தை ஊருக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மடிக்க வேண்டாம். இனி அது நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கண்ணகை அம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
நிருஷாவின் அம்மா,
அன்னப்பூரணி