இடது கால்

பெரிய வியாழன், இரவு. மடுல்சீமை.

கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். மற்றவர்கள் வழக்கப்படி வலது காலை நீட்டினார்கள். அப்பா இடது காலை நீட்டினார்.

"வலது காலைக் காட்டுங்க."

"இதுவே போதுங்க ஃபாதர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபாதர் இடது காலையே கழுவித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருடைய வலது காலுறையை இழுத்துக் கழற்றினாள். பெருவிரல் கறுத்திருந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. எப்போதிருந்து இப்படி என்று கேட்டதற்கு அவர் காலுறையை மறுபடி மாட்டப் பார்த்தார்.

"நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா," என்றேன்.

"நாளைக்கு சிலுவைப்பாதை. மலை உச்சி வரைக்கும் நடக்கணும். ஈஸ்டர் முடியட்டும், பாப்போம்."

"செருப்பில்லாம நடக்கிறதா நேர்த்திக்கடன் வேற. விரலையும் அங்கேயே காணிக்கை வச்சிட்டு வாங்க," என்றாள் அம்மா.

என்ன நேர்த்தி என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு தான்."

பட்டம் வாங்கிய பிறகு நான் கோயிலில் முழந்தாளிட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்திருக்கிறாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.