அப்பா தூங்கிப் பார்த்த வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுநடுவே சிரிப்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால் கடிதம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், வீடு கிடைத்துவிட்டது.

பழைய வீட்டுக்குப் பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்ததிலிருந்து நிம்மதி போனது உனக்குத் தெரியும். எவ்வளவு போனது என்று நான் சொல்லவில்லை, பயந்துவிடுவாய் என்று. இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு விடிந்து வந்து படுக்கிற மனுஷனுக்குத் தலைமாட்டிலேயே கல் உடைக்கிற மெஷின் ஓடினால் எப்படி இருக்கும். காதில் பஞ்சை அடைத்தார், துண்டைச் சுற்றினார், ஒன்றும் வேலைக்காகவில்லை. போன மாதம் சிக்னலில் நின்றபடியே கண் சொருகிவிட்டது, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்திருக்கிறார். டிப்போ மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியத் தொட விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான், வண்டி நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறதே. வேலை போனால் வேறு பார்க்கலாம், அவருக்கே ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்.

வீடு தேடக் கிளம்பினோம். அமைதியான தெருவில் எல்லாம் ஆனை விலை குதிரை விலை. நம் கைக்கு எட்டுகிற வாடகை என்றால் ஒன்று மார்க்கெட்டுக்கு மேலே, இல்லை லாரி பட்டறைக்குப் பக்கத்தில். இதில் உன் அப்பா ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டார். குழாயைத் திறந்து பார்க்க மாட்டார், சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார், நேரே படுக்கையறைக்குப் போய்த் தரையில் துண்டை விரித்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு மானம் போகும். ஒரு வீட்டில் வீட்டுக்காரர் மயக்கம் என்று பதறி முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டார். தரகர், சார் எல்லாரையும் போல நின்னுக்கிட்டுப் பாருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாடகை குடுக்கறதே தூங்கறதுக்குத்தான், தூங்கிப் பாக்காம எப்படி எடுக்கறது என்று இவர் படுத்தபடியே கேட்டார்.

கடைசியில் அதே தரகர் வேண்டாவெறுப்பாக ஒரு வீடு காட்டினார். கட்டடத்தின் பின்பக்கம், ஒரே படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு கிடங்கின் வெறும் சுவர். வெளிச்சமே இல்லை என்று வந்தவர்களெல்லாம் போய்விட்டார்களாம், அதனால் வாடகையும் இறங்கியிருந்தது. அப்பா துண்டை விரித்தார். நானும் வீட்டுக்கார அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தோம், தையல் வேலை செய்கிறவர், கீழ்வீட்டிலேயே இருக்கிறார். பேச்சு முடிந்து போய்ப் பார்த்தால் இவர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. எழுப்பக் குனிந்தேன், கை வரவில்லையடி. அந்த முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்த நேரம் பார்த்தா இன்னொரு குடும்பம் வீடு பார்க்க வந்து நிற்க வேண்டும், போச்சுடா என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா வாசலுக்கு ஓடி, மெதுவாப் பேசுங்க, உள்ள ஒருத்தர் தூங்கறார் என்று வாயில் விரலை வைத்தார். ஆள் குடிவந்தாயிற்று என்று நினைத்து அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார்கள். இந்த அம்மா என்னைப் பார்த்து, தூங்கறவரை எழுப்பி அனுப்பற பாவம் எனக்கெதுக்கு, நீங்களே இருந்துக்குங்க என்றார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்த உன் அப்பா, வீடு பரவாயில்ல, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாம் என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

குடிவந்தாயிற்று. பகலெல்லாம் நன்றாகத் தூங்குகிறார், முகம் தெளிந்துவிட்டது, என்ன விசேஷம் என்று மேலாளரே கேட்டாராம். எனக்குத்தான் ஒரு குறை, உனக்கென்று அறை இல்லை. எனக்காகப் பெரிய வீடு பாக்காதீங்கம்மா என்று நீ சொல்லிவிட்டாய், மனசு கேட்கவில்லை. உன் கட்டிலைக் கூடத்தில் ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நேற்றுக் காலை டூட்டி முடிந்து வந்த அப்பா உள்ளே போகாமல் உன் கட்டிலில் சட்டையோடு படுத்துக்கொண்டார். என்ன இது என்றேன். புள்ள வந்தா இங்கதானே படுப்பா, சத்தம் வருதான்னு பாக்கறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்துவிட்டது. மத்தியானம் எழுந்து, கதவுகிட்ட மட்டும் லேசா மாடிப்படி சத்தம் வருது, தலைமாட்டை எதிர்ப்பக்கம் திருப்பிடு என்றார். திருப்பிவிட்டேன்.

நீயும் அங்கே அறை தேடுவதாகச் சொன்னாய். போட்டோவைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதே, நீ வீட்டில் இருக்கப்போகிற நேரத்துக்குப் போய்ப் பார், வெட்கப்படாமல் கொஞ்சம் படுத்தும் பார். எங்கே இருந்தாலும் நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்கு அமையட்டும். பின்பக்கம் புது விலாசம் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, பகலில் வந்தால் மணி அடிக்காதே, மெதுவாக ஒரு தட்டு தட்டு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா