லாத்தாவின் நிக்காஹுக்கு ஒரு முகத்திரை

பிஸ்கட்டவே
ஜனவரி 12, 2025

அன்பு லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நான் பேசுவது கேட்கவில்லை என்கிறாய். அதனால் எழுதுகிறேன். நீயும் கடிதமே போடு. மெசேஜ் என்றால் உம்மா என் தோளுக்கு மேல் நின்று படிக்கிறார்.

நோய்க்கு ஒருவழியாகப் பேர் தெரிந்துவிட்டது. வாஸ்குலைட்டிஸ். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், சொந்த ரத்தக்குழாய்களையே அந்நியம் என்று நினைத்து அடிக்கிறதாம். குழாய் வீங்கினால் ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடம் செத்துப்போகும். டாக்டர் ராமசுப்ரமணியன் பேப்பர் டவலில் படம் போட்டுக் காட்டினார். என் மூக்கின் நடுப்பகுதி அப்படித்தான் உள்ளே போனது. மூச்சுக்குழாயும் சுருங்கிவிட்டது, குரல் போனது அதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. முகம் ஊதியிருப்பது அதனால். ஆனால் என் கிட்னி தப்பித்ததும் அதனால்தான் என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. அங்கேயும் நான் யாரிடமும் பேசியதில்லை. போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜூனில் ஜுஹைர் மச்சானோடு உன் நிக்காஹ். மேடையில் உன் பக்கத்தில் தங்கையாக நான் உட்காரலாமா? எனக்கு அது போதும்.

உன் அஸ்ஃபியா


குபெர்டினோ
பிப்ரவரி 3

என் செல்லத்துக்கு சலாம்.

நீ உட்காராமல் வேறு யார் உட்காருவது? ஒரே ஒரு சங்கடம். ஜுஹைரின் உம்மா, உன்னை இன்னும் பார்க்காத கமருன்னிசா மாமியிடம் உனக்கு சைனஸ் என்றுதான் நம் உம்மா சொல்லி வைத்திருக்கிறார். உண்மை தெரிந்தால் குடும்ப நோயா, பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்பார்கள். மாமி நல்லவர்தான். கூட வரும் சொந்தங்களை உனக்குத் தெரியாது.

ஜூன் வரை மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளேன். முகம் கொஞ்சம் வடிந்தால் போதும். மூக்குக்கு என்ன செய்யலாம் என்று மேக்கப் பெண்ணிடம் பேசிவிட்டேன்.

முத்தங்களுடன்,
மஹ்ஜபீன் லாத்தா


பிஸ்கட்டவே
பிப்ரவரி 20

அன்பு லாத்தா,

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மாவே கேட்டுவிட்டார். “டாக்டர், கல்யாணம் வரைக்கும் மாத்திரைய ஸ்டாப் பண்ணலாமா? போட்டோல்லாம் எடுப்பாங்க.”

“போட்டோவுக்கு அவ உயிரோட இருக்கணும்ல மேடம்? திடீர்னு நிறுத்தினா ஐசியூதான். கொஞ்சம் கொஞ்சமா நான்தான் குறைப்பேன்” என்றார் டாக்டர். வீடு வரும்வரை உம்மா என்னோடு பேசவில்லை, டாக்டரை நான்தான் பேசவைத்த மாதிரி.

குடும்ப நோயா என்றும் கேட்டேன். பெற்றோரிடமிருந்து அப்படியே பிள்ளைக்கு வருவதில்லையாம். தொற்றவும் தொற்றாது. மாமியிடம் இதையே சொல்லிவிடேன்.

அஸ்ஃபியா


குபெர்டினோ
ஏப்ரல் 14

அஸ்ஃபியா கண்ணு,

நீ சொல்வது சரிதான். ஆனால் கல்யாண வீட்டில் யார் உட்கார்ந்து விளக்கம் கேட்பார்கள்? ஒரு வழி தோன்றுகிறது. அன்றைக்கு மட்டும் நிகாப் போட்டுக்கொள். நம் வீட்டில் யாரும் முகம் மூடுவதில்லை, தெரியும். ஆனால் போட்டவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், மரியாதைதான் கொடுப்பார்கள். என் பக்கத்திலேயே உட்காரலாம். மேலே போடும் அபாயா அங்கியும் சேர்த்து அனுப்புகிறேன். எனக்காக.

மஹ்ஜபீன்


பிஸ்கட்டவே
ஜூலை 5

லாத்தா,

உனக்காகப் போட்டேன். மேடையில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஷா அல்லாஹ், அமெரிக்காவுல வளர்ந்தும் என்ன மார்க்கப் பேணுதல்! நம்ம சின்னவன் சுஃபியானுக்கு இப்படித்தான் பொண்ணு தேடுறேன்” என்றார். நீ சிரித்தாய். துணிக்குள் நானும் சிரித்தேன்.

பிரியாணி பரிமாறும்போது எனக்கு மூச்சு இரைத்தது. பெண்கள் அறைக்கு ஓடி, நிகாபையும் அபாயாவையும் கழற்றிப் போட்டேன். நீ பின்னாலேயே வந்து கதவைச் சாத்தப் போனாய். அதற்குள் மாமி உள்ளே வந்துவிட்டார்.

“யாரும்மா இது? ஏன் இப்படி இரைக்குது?”

“உம்மாவோட ஃப்ரெண்டு பொண்ணு மாமி. ஆஸ்துமா.”

நீ யோசிக்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

மாமிதான் தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார். “பெத்தவங்க எங்க? பிள்ளைய இப்படியா தனியா விடுவாங்க?” என்றார். உன்னைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாய். அதன் பிறகு நான் மேடைக்கு வரவில்லை. நீயும் தேடவில்லை.

ஏன் என்று ஒரு வரி எழுது.

அஸ்ஃபியா


குபெர்டினோ
அக்டோபர் 28

அஸ்ஃபியா,

புது வீடு, வேலை, எழுத நேரமில்லை. அன்றைக்குப் பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டிருக்காதே.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மாமியும் சுஃபியானும் எங்களோடு நம் வீட்டுக்கு வருகிறார்கள். மாமி உன்னைப் பற்றியே கேட்கிறார். நீ பேர்லேண்டில் வாப்பாவின் தம்பி, நம் சாச்சா வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிவிட்டேன். நீ அங்கே போக விமான டிக்கெட் போட்டிருக்கிறேன். நாலு நாள் போய்விட்டு வா. என் வாழ்க்கை, புரிந்துகொள்.

மஹ்ஜபீன்


பிஸ்கட்டவே
நவம்பர் 9

மஹ்ஜபீனுக்கு,

டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன். உம்மா சத்தம் போட்டார்.

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். முகம் வடிந்து வருகிறது. மூக்கு அப்படியேதான் இருக்கிறது. நோய் நன்றாக அடங்கிய பிறகுதான் ஆபரேஷன். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

மாமியோடு நீயும் வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். பெல் அடித்தால் கதவை நான்தான் திறப்பேன். பெண்கள் அறையில் பார்த்த முகம், மாமிக்கு அடையாளம் தெரியும். யார் என்று கேட்டால் இந்த முறை நானே சொல்வேன். குரல் சன்னமாகத்தான் வரும். பக்கத்தில் வந்து கேளுங்கள் என்பேன்.

அஸ்ஃபியா